கூட்டு வருமான வரிக் கணக்கு (ஐக்கிய அமெரிக்கா)

கூட்டு வருமான வரிக் கணக்கு என்பது ஐக்கிய அமெரிக்காவில் கணவன், மனைவி இருவரும் தம் ஓராண்டு வருமானத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரே படிவத்தில் நடுவண் அரசுக்குக் காட்டி வரி செலுத்தும் முறை ஆகும். இக்கணக்கு படிவம் 1040 இல் தயாரிக்கப்பட்டு, ஐ.ஆர்.எஸ். என அறியப்படும் உள்நாட்டு வருவாய்ப் பணியகத்திடம் தாக்கல் செய்யப்படுகிறது. மாநில வருமான வரி இதில் அடங்காது. அதற்குத் தனிக் கணக்கு உண்டு. டெக்சாசு, புளோரிடா முதலிய சில மாநிலங்களில் வருமான வரியே கிடையாது.

திருமணமானோர் கூட்டாகத்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதனால் வரி குறைவதால் இதுவே பெருவழக்காக உள்ளது. இச்சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. கணக்கில் கையொப்பமிடும் இருவரும் அக்கணக்கிற்குரிய முழு வரிக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர். ஒருவர் மறைத்த வருமானத்தின் வரியை மற்றவரிடம் வசூலிக்கச் சட்டம் இடமளிக்கிறது. மணமுறிவுக்குப் பின்னரும் இப்பொறுப்பு நீங்குவதில்லை.

இந்தியாவில் இத்தகைய முறை இல்லை. அங்கு கணவனும் மனைவியும் தனித்தனியே கணக்குத் தாக்கல் செய்கின்றனர். ஆகவே இந்தியாவிலிருந்து வேலைக்குச் செல்வோர் பலர் இம்முறையை முதன்முதலில் அமெரிக்காவிலேயே எதிர்கொள்கின்றனர்.

வரலாறு

அமெரிக்க அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் 1913 இல் நடைமுறைக்கு வந்ததை அடுத்து இன்றைய வருமான வரி தொடங்கியது. அப்போது வரியின் அலகு தனி மனிதரே. 1918 ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கணக்குக் காட்டலாம் என அனுமதித்தது. எனினும் இருவரின் வருமானமும் ஒரே வீத அட்டவணையில் ஏற்றப்பட்டதால், இருவரும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இதனால் வரி கூடியதே அன்றிக் குறையவில்லை.

1930 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகள் இன்றைய முறைக்கு வித்திட்டன. முதலாவது லூக்கசு எதிர் ஏர்ல் வழக்கு. கலிபோர்னியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் கை ஏர்ல், தம் வருமானம் அனைத்தும் தமக்கும் மனைவிக்கும் பாதிப் பாதியாக உரியது என்று 1901 இலேயே, அதாவது வருமான வரி வருவதற்கு முன்பே, ஒப்பந்தம் எழுதியிருந்தார். அதன்படி பாதி வருமானத்துக்கு மட்டுமே வரி கட்ட முனைந்தார். உழைத்து ஈட்டியவருக்கே அவ்வருமானத்தின் வரி உரியது, ஒப்பந்தத்தின் மூலம் அதனைப் பிறருக்கு மாற்ற இயலாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாவது போ எதிர் சீபோர்ன் வழக்கு. வாசிங்டன் மாநிலச் சட்டப்படி மணவாழ்வில் ஈட்டப்படும் பொருள் இருவருக்கும் பொதுவானது. ஆகவே அம்மாநிலக் கணவனும் மனைவியும் வருமானத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் காட்டலாம் என அதே நீதிமன்றம் கூறியது.

இவ்விரு தீர்ப்புகளும் சேர்ந்து ஒரு விந்தையான நிலையை உருவாக்கின. ஒரே அளவு சம்பாதிக்கும் இரு குடும்பங்களுள் பொதுச்சொத்துச் சட்டம் உள்ள மாநிலத்தில் வாழும் குடும்பம் குறைந்த வரி செலுத்தியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வரி வீதங்கள் கடுமையாக ஏறியபோது இவ்வேறுபாடு பெரிதாயிற்று. ஓக்லகோமா, மிச்சிகன், பென்சில்வேனியா முதலிய சில மாநிலங்கள் தம் குடிகளுக்கு வரி குறைய வேண்டும் என்பதற்காகவே தம் சொத்துச் சட்டங்களை மாற்றத் தொடங்கின. முடிவில் 1948 இல் காங்கிரசு, அதிபர் ட்ரூமனின் மறுப்பாணையை மீறி, எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் வகையில் வருமானப் பகிர்வு முறையைக் கொண்டுவந்தது. குடும்ப வருமானத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குரிய வரியைக் கண்டு, அதனை இருமடங்காக்குவது என்பதே அம்முறை. இன்றைய கூட்டுக் கணக்கின் அடிப்படை இதுவே.

இதன் மறுபக்கமாக, மணமாகாதோர் மிகுதியான வரி செலுத்த நேர்ந்தது. அவர்களின் குறையைப் போக்க 1969 ஆம் ஆண்டுச் சட்டம் தனி அட்டவணை ஒன்றை வகுத்தது. அதனால், ஏறத்தாழச் சம அளவில் சம்பாதிக்கும் இருவர் மணம் செய்துகொண்டால் அவர்களின் மொத்த வரி கூடும் நிலை உண்டாயிற்று. இது 'திருமண அபராதம்' என்று பேச்சுவழக்கில் பெயர் பெற்றது. மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த இணையர் ஒருவர் 1975, 1976 ஆகிய ஆண்டுகளின் இறுதியில் கரிபியன் நாடுகளுக்குச் சென்று மணமுறிவு பெற்று, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் மணம் புரிந்துகொண்டனர். விடுமுறைச் செலவு போக வரியும் மிச்சமாகும் என்பது அவர்களின் கணக்கு. வரி நீதிமன்றம் 1980 இல் இம்மணமுறிவுகளை ஏற்க மறுத்துவிட்டது.

2017 ஆம் ஆண்டின் வரிச் சட்டம் பெரும்பாலான வீதப் படிகளில் கூட்டுக் கணக்கின் எல்லையைத் தனியர் எல்லையின் சரியாக இருமடங்காக்கியது. ஆகவே நடுத்தர வருமானத்தில் திருமண அபராதம் பெரும்பாலும் நீங்கியது. மிக உயர்ந்த 37 விழுக்காட்டுப் படியிலும், குறைந்த வருமானத்தோருக்கான உழைப்பு வருமானத் தள்ளுபடியிலும் அது இன்றும் உள்ளது.

தன்பாலின இணையர் நடுவண் அரசுக்குக் கூட்டுக் கணக்குக் காட்டுவதை 1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்திருந்தது. தம் மனைவி இறந்தபின் 3,63,053 டாலர் சொத்து மரபுவரி செலுத்த நேர்ந்த நியூயார்க்கைச் சேர்ந்த எடித் விண்ட்சர் தொடுத்த வழக்கில், 2013 இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மைப் பகுதியைச் செல்லாததாக்கியது. வழக்கு மரபுவரி பற்றியதாயினும் அதன் பயன் வருமான வரிக்கும் கிடைத்தது.

யார் தாக்கல் செய்யலாம்

ஆண்டின் இறுதி நாளான திசம்பர் 31 அன்று ஒருவர் மணமானவரா என்பதே கேள்வி. அன்று மணம் புரிந்தோர் ஆண்டு முழுவதும் மணமானோராகவே கருதப்படுவர். அன்று மணமுறிவு பெற்றோர் ஆண்டு முழுவதும் மணமாகாதோர் ஆவர். அதே நாளில் பிறக்கும் குழந்தையும் அவ்வாண்டு முழுவதற்கும் குடும்பத்தைச் சார்ந்தோராகக் கணக்கில் சேரும். ஆண்டின் நடுவே இணையரை இழந்தவர் அவ்வாண்டுக்குக் கூட்டுக் கணக்கே காட்டலாம். அவருடன் சார்ந்த பிள்ளை வாழுமாயின் அடுத்த இரு ஆண்டுகளுக்கும் கூட்டுக் கணக்கின் வீதங்கள் கிடைக்கும்.

இருவரில் ஒருவருக்கு வருமானமே இல்லாவிடினும் கூட்டுக் கணக்குக் காட்டலாம். சொல்லப்போனால் அத்தகைய குடும்பங்களுக்கே இம்முறையின் பயன் மிகுதி.

ஆவணங்கள்

கணக்கெழுதும் வேலையில் பாதி தாள்களைத் திரட்டுவதே ஆகும். வேலை அளிப்போர் ஒவ்வொருவரும் சனவரி இறுதிக்குள் டபிள்யூ-2 என்னும் சம்பளச் சான்றை அனுப்புவர். வங்கி வட்டி, பங்கு ஆதாயம், பங்கு விற்பனை ஆகியவற்றுக்கு 1099 வரிசைப் படிவங்களும், வீட்டுக்கடன் வட்டிக்கு 1098 படிவமும் வந்து சேரும். பங்குத் தரகு நிறுவனங்களின் படிவங்கள் பெப்ரவரியில்தான் வரும். சில வேளைகளில் திருத்தப்பட்ட படிவம் மார்ச்சிலும் வரும். ஆதலால் மிக விரைவாகத் தாக்கல் செய்வோர் பின்னர்த் திருத்தக் கணக்கு எழுத நேர்வதுண்டு.

இப்படிவங்களின் படிகள் ஐ.ஆர்.எஸ்.சுக்கும் செல்கின்றன. அங்குள்ள கணினிகள் கணக்கில் காட்டிய தொகையை இவற்றுடன் ஒப்பிடுகின்றன. 40 டாலர் வட்டியை விட்டுவிட்டால்கூட மாதங்கள் கழித்துக் கடிதம் வரக்கூடும்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் சமூகப் பாதுகாப்பு எண்ணோ அதற்கு ஈடான வரி எண்ணோ வேண்டும். குழந்தைக் காப்பகச் செலவுக்குத் தள்ளுபடி கோருவோர் அக்காப்பகத்தின் வரி எண்ணையும் கேட்டுப் பெற வேண்டும்.

வரி கணக்கிடும் முறை

இருவரின் எல்லா வருமானங்களையும் கூட்டி, அனுமதிக்கப்பட்ட சில இனங்களைக் கழித்தால் திருத்திய மொத்த வருமானம் கிடைக்கும். அதிலிருந்து நிலைக் கழிவு அல்லது பட்டியலிட்ட கழிவுகள், இவற்றுள் எது பெரியதோ அது கழிக்கப்படும். 2025 ஆம் வரி ஆண்டுக்கு நிலைக் கழிவு கூட்டுக் கணக்கில் 31,500 டாலர், தனியருக்கு 15,750 டாலர். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரிகள், நன்கொடை ஆகியவற்றின் கூட்டுத்தொகை இதனைத் தாண்டினால் மட்டுமே பட்டியலிடுவது பயன் தரும்.

எஞ்சிய தொகை மீது படிப்படியாக உயரும் வீதங்களில் வரி கணக்கிடப்படுகிறது. 2025 இல் கூட்டுக் கணக்கில் முதல் 23,850 டாலருக்கு 10 விழுக்காடு, அதற்கு மேல் 96,950 வரை 12, பின் 2,06,700 வரை 22, 3,94,600 வரை 24 என்று சென்று, 7,51,600 டாலருக்கு மேல் 37 விழுக்காட்டில் முடிகிறது. ஒரு படியைத் தாண்டினால் மொத்த வருமானத்துக்கும் உயர்ந்த வீதம் விதிக்கப்படும் என்ற தவறான எண்ணம் பரவலாக உள்ளது. உயர்ந்த வீதம் அப்படிக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தில் ஒருவர் 90,000 டாலரும் மற்றவர் 40,000 டாலரும் சம்பளம் பெறுகின்றனர் என்றும், சமூகப் பாதுகாப்பு எண் உடைய இரு சிறு பிள்ளைகள் உள்ளனர் என்றும் கொள்வோம். மொத்தம் 1,30,000, நிலைக் கழிவு போக 98,500. முதல் படியில் 2,385 டாலர், இரண்டாம் படியில் 8,772 டாலர், மூன்றாம் படியில் எஞ்சிய 1,550 டாலர் மீது 341 டாலர். ஆக மொத்த வரி 11,498 டாலர். (ஐ.ஆர்.எஸ். வெளியிடும் அட்டவணையைப் பயன்படுத்தினால் சில டாலர்கள் வேறுபடும்.) இதே இருவரும் தனித்தனியே கணக்குக் காட்டினால் ஒருவருக்கு 11,249 டாலரும் மற்றவருக்கு 2,671 டாலரும், அதாவது ஏறத்தாழ 2,400 டாலர் கூடுதலாகும். 1,30,000 டாலரையும் ஒருவரே ஈட்டியிருந்து அவர் மணமாகாதவராகவும் இருந்தால், பிள்ளைகளைக் கணக்கில் கொள்ளாமல் அவரது வரி 20,267 டாலர். குடும்பத்தினருக்கும் அவருக்கும் இடையேயுள்ள 8,700 டாலருக்கு மேற்பட்ட வேறுபாடே 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன்.

இறுதியில் தள்ளுபடிகள் வருகின்றன. கழிவு என்பது வருமானத்தைக் குறைப்பது. தள்ளுபடி என்பது வரியையே நேரடியாகக் குறைப்பது. ஆகவே 1,000 டாலர் தள்ளுபடி 1,000 டாலர் கழிவைவிடப் பன்மடங்கு மதிப்புடையது. 17 வயது நிரம்பாத ஒவ்வொரு பிள்ளைக்கும் 2025 இல் 2,200 டாலர் தள்ளுபடி உண்டு. கூட்டுக் கணக்கில் 4,00,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்தில் இது குறையத் தொடங்கும். மேற்கண்ட குடும்பத்துக்கு இதன் பின் எஞ்சும் வரி 7,098 டாலர். காப்பகச் செலவுத் தள்ளுபடி பெற, பொதுவாக இருவருமே வேலை செய்ய வேண்டும். ஒருவர் முழுநேர மாணவராகவோ தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாதவராகவோ இருப்பது விதிவிலக்கு.

சம்பளப் பிடித்தம்

இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் ஏப்ரலில் எதிர்பாராமல் பெருந்தொகை கட்ட நேர்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணமே உள்ளது. வேலையில் சேரும்போது நிரப்பும் டபிள்யூ-4 படிவத்தில் 'மணமானவர், கூட்டுக் கணக்கு' என்று மட்டும் குறித்தால், ஒவ்வொரு நிறுவனமும் தான் தரும் சம்பளமே அக்குடும்பத்தின் ஒரே வருமானம் என எண்ணிப் பிடித்தம் செய்யும். ஒரே நிலைக் கழிவு இரு இடங்களில் இருமுறை கழிக்கப்படும். கீழ்ப்படிகளும் இருமுறை பயன்படுத்தப்படும். மேற்கண்ட குடும்பத்தில் ஆண்டு முழுவதும் 3,700 டாலர் மட்டுமே பிடிக்கப்பட்டிருந்தால், கணக்கின்போது 3,398 டாலர் கட்ட வேண்டிவரும். அதனுடன் குறைவாகச் செலுத்தியதற்கான தண்டமும் சேரலாம். 2020 இல் மாற்றியமைக்கப்பட்ட டபிள்யூ-4 படிவத்தின் இரண்டாம் படிநிலை இதனைச் சரிசெய்வதற்கே உள்ளது. பலர் அதனைப் படிக்காமல் கடந்துவிடுகின்றனர்.

ஏப்ரலில் பெரிய தொகை திரும்பக் கிடைப்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது அரசிடம் வட்டியின்றி விட்டுவைத்த சொந்தப் பணமே.

அயல்நாட்டு இணையரும் பிள்ளைகளும்

கூட்டுக் கணக்குக் காட்ட இருவரும் ஆண்டு முழுவதும் அமெரிக்கக் குடிமக்களாகவோ வரிச் சட்டப்படி வசிப்போராகவோ இருத்தல் வேண்டும். நுழைவிசைவின் வகை மட்டுமன்றி, நாட்டில் தங்கிய நாட்களின் எண்ணிக்கையும் வசிப்பு நிலையைத் தீர்மானிக்கும். மாணவர் நுழைவிசைவில் உள்ளோர் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு வசிப்போர் அல்லர். அவர்கள் 1040-என்ஆர் படிவத்தில் தனியே கணக்குக் காட்டுவர்.

ஒருவர் வசிப்பவராகவும் மற்றவர் வசியாதவராகவும் இருந்தால், இருவரும் கையொப்பமிட்ட அறிக்கையை இணைத்து, வசியாதவரையும் வசிப்பவராகக் கொள்ளுமாறு தெரிவு செய்யலாம். மனைவியை ஊரில் விட்டுவிட்டு முதலில் தனியே வந்து சேரும் பொறியாளர்கள், வசிப்பு நிலையை எட்டியபின் இவ்விதியைப் பயன்படுத்துவதுண்டு. இதனால் வரி குறையும். ஆனால் அன்றிலிருந்து இருவரின் உலகளாவிய வருமானமும் அமெரிக்கக் கணக்கிற்கு உரியதாகிவிடும். மனைவியின் பெயரில் சென்னையில் உள்ள வைப்புத்தொகையின் வட்டி, மதுரையில் உள்ள வீட்டின் வாடகை ஆகியனவும் காட்டப்பட வேண்டும்.

இந்தியர் பலர் இங்கு இடறுகின்றனர். இந்திய வங்கிகளில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. இந்தியாவில் வரி இல்லாத வருமானத்துக்கு எங்கும் வரி இல்லை என்று எண்ணி அதனை விட்டுவிடுகின்றனர். அமெரிக்காவில் அது வரிக்கு உட்பட்ட வருமானமே. இந்தியாவில் வரி செலுத்திய வருமானத்துக்கோ அயல்நாட்டு வரித் தள்ளுபடி கோரலாம். மேலும் வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டு இருப்பு ஆண்டில் ஒருநாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால், வரிக் கணக்கு நீங்கலாக, அமெரிக்கக் கருவூலத் துறைக்குத் தனி அறிக்கை அளிக்க வேண்டும். இவ்வறிக்கையால் வரி எதுவும் விளையாது; அளிக்கத் தவறினால் தண்டம் மிகக் கடுமையானது.

சமூகப் பாதுகாப்பு எண் பெறத் தகுதியற்ற இணையருக்கும் பிள்ளைகளுக்கும் 1996 முதல் தனிநபர் வரி எண் வழங்கப்படுகிறது. எச்-4 நுழைவிசைவில் உள்ளோர் பெரும்பாலும் இவ்வகையினர். இதற்கான டபிள்யூ-7 படிவம் பொதுவாக வரிக் கணக்குடன் இணைத்தே அனுப்பப்படும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத எண் காலாவதியாகும். 2018 முதல் முழுப் பிள்ளைத் தள்ளுபடிக்குப் பிள்ளையிடம் சமூகப் பாதுகாப்பு எண் இருத்தல் வேண்டும். 2025 முதல் பெற்றோருள் ஒருவரிடமேனும் அது இருத்தல் வேண்டும். ஆகவே ஒரே வீட்டில் சென்னையில் பிறந்த மூத்த பிள்ளைக்கு 500 டாலரும், நியூ செர்சியில் பிறந்த இளைய பிள்ளைக்கு 2,200 டாலரும் தள்ளுபடி கிடைப்பதைக் காணலாம்.

கெடு

பொதுவாக அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 கடைசி நாள். படிவம் 4868 மூலம் அக்டோபர் 15 வரை தவணை பெறலாம். இத்தவணை கணக்கை அனுப்புவதற்கு மட்டுமே. பணம் செலுத்துவதற்கு அன்று. தாக்கல் செய்யாமைக்கான தண்டம் செலுத்தாத வரியில் மாதந்தோறும் 5 விழுக்காடு. செலுத்தாமைக்கான தண்டம் மாதந்தோறும் அரை விழுக்காடு. ஆதலால் கையில் பணம் இல்லாதவரும் கணக்கை மட்டுமாவது காலத்தில் அனுப்பிவிடுவது நன்று.

குறைந்த வருமானத்தோருக்குத் தன்னார்வலர்கள் இலவசமாகக் கணக்கெழுதித் தரும் நிலையங்கள் நூலகங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் இயங்குகின்றன. ஐ.ஆர்.எஸ். தானே 2024 இல் 12 மாநிலங்களில் தொடங்கிய நேரடி இணையத் தாக்கல் சேவை 2025 இல் 25 மாநிலங்களுக்கு விரிந்து, அதன்பின் கைவிடப்பட்டது. கட்டணம் பெற்றுக் கணக்கெழுதுவோர் தம் அடையாள எண்ணுடன் கணக்கில் கையொப்பமிடக் கடமைப்பட்டவர்கள். கையொப்பமிட மறுப்பவரிடம் கணக்கைக் கொடாதிருப்பதே பாதுகாப்பு.

கையொப்பமும் பொறுப்பும்

வழக்கமாகக் குடும்பத்தில் ஒருவரே கணக்கெழுதுகிறார். மற்றவர் காட்டிய இடத்தில் கையொப்பமிடுகிறார். மின்வழித் தாக்கலில் ஐந்து இலக்க எண்ணே கையொப்பமாக அமைவதால், அதனையும் கணக்கெழுதுபவரே இட்டுவிடுவது உண்டு. கணக்கு உண்மையானது என்று இருவரும் சட்டப்படி உறுதியளிப்பதே அக்கையொப்பத்தின் பொருள். படிக்காமல் கையொப்பமிட்டேன் என்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஒரு காரணமாக ஏற்பதில்லை. ஒருவர் கையொப்பமிடாதபோதும், கூட்டுக் கணக்கே இருவரின் நோக்கமாக இருந்தது எனத் தெரிந்தால் அக்கணக்கு இருவரையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புகள் உள்ளன. மாறாக, அச்சுறுத்தலால் பெறப்பட்ட கையொப்பம் கூட்டுக் கணக்கை உண்டாக்காது.

இம்முழுப் பொறுப்பு 1938 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. கணவரின் தொழில் வருமானம் பற்றி ஏதும் அறியாத மனைவியர், மணமுறிவுக்குப் பின் பெருந்தொகைக்குக் கடனாளியான வழக்குகள் எழுந்தன. இன்ன வரியை இன்னார் கட்ட வேண்டும் என்று மணமுறிவுத் தீர்ப்பில் எழுதியிருப்பினும் அது அவ்விருவரை மட்டுமே கட்டுப்படுத்தும், ஐ.ஆர்.எஸ்.சைக் கட்டுப்படுத்தாது. இதனால் 1971 இல் 'குற்றமற்ற இணையர்' நிவாரணம் குறுகிய அளவில் சேர்க்கப்பட்டு, 1998 இல் விரிவாக்கப்பட்டது.

இன்றுள்ள நிவாரணம் மூவகைப்பட்டது. கணக்கில் விடுபட்ட வருமானம் மற்றவருடையது என்றும், கையொப்பமிடும்போது அது தமக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை என்றும் காட்டுவது ஒன்று. மணமுறிவு பெற்றோர் அல்லது ஓராண்டேனும் பிரிந்து வாழ்வோர், கூடுதல் வரியை இருவருக்குமிடையே பிரிக்கக் கோருவது மற்றொன்று. இவை இரண்டிலும் இடம்பெறாதோருக்கு, எல்லா நிலைமைகளையும் நோக்கி நியாயத்தின் அடிப்படையில் வழங்கப்படுவது மூன்றாவது. கணக்கில் சரியாகக் காட்டப்பட்டும் கட்டப்படாத வரிக்கு இம்மூன்றாவது வழி மட்டுமே உள்ளது. குடும்ப வன்முறையும் பணத்தின் மீது ஒருவர் மட்டுமே கொண்டிருந்த கட்டுப்பாடும் இங்குக் கருத்தில் கொள்ளப்படுகின்றன. மூன்றுக்கும் படிவம் 8857 பயன்படுகிறது. முதல் இரண்டுக்கும், வசூல் நடவடிக்கை தொடங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் வந்தவுடன் முன்னாள் இணையருக்கு ஐ.ஆர்.எஸ். கட்டாயம் தெரிவிக்கும் என்பதால், அஞ்சி விண்ணப்பிக்காதோரும் உளர். எனினும் விண்ணப்பிப்பவரின் தற்போதைய முகவரி வெளியிடப்படுவதில்லை.

இதனுடன் அடிக்கடி குழப்பப்படுவது 'பாதிக்கப்பட்ட இணையர்' கோரிக்கை. திரும்பக் கிடைக்க வேண்டிய தொகையை, ஒருவர் திருமணத்துக்கு முன் வைத்த மாணவர் கடன் அல்லது பிள்ளைப் பராமரிப்பு நிலுவைக்கு அரசு பிடித்துக்கொள்ளும்போது, மற்றவர் தம் பங்கை மட்டும் கேட்டுப் பெறுவதே இது. இதற்குரிய படிவம் 8379. இங்குக் கணக்கில் தவறு ஏதும் இல்லை.

தனித்தனியே தாக்கல் செய்தல்

இப்பொறுப்பை ஏற்க விரும்பாதோருக்கு 'மணமானவர், தனிக் கணக்கு' என்ற நிலை உள்ளது. அதற்கு இழப்பும் உண்டு. உயர்கல்வித் தள்ளுபடிகளும் மாணவர் கடன் வட்டிக் கழிவும் கிடைக்கா. உழைப்பு வருமானத் தள்ளுபடியும் காப்பகச் செலவுத் தள்ளுபடியும் பெரும்பாலும் கிடைக்கா. ஒருவர் கழிவுகளைப் பட்டியலிட்டால் மற்றவருக்கு நிலைக் கழிவு இல்லாமற் போகும். ஒருவரின் மருத்துவச் செலவு அவர் வருமானத்தில் 7.5 விழுக்காட்டை வெகுவாகத் தாண்டும்போதோ, மாணவர் கடன் தவணை வருமானத்தைப் பொறுத்து அமையும்போதோ தனிக் கணக்கு இலாபமாகலாம். அரிசோனா, கலிபோர்னியா, டெக்சாசு, வாசிங்டன் உள்ளிட்ட ஒன்பது பொதுச்சொத்து மாநிலங்களில் தனிக் கணக்கிலும் வருமானத்தைப் பாதிப் பாதியாகக் காட்ட வேண்டியிருப்பதால் வேலை இருமடங்காகும்.

தனிக் கணக்குக் காட்டியோர் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் படிவம் 1040-எக்சு மூலம் கூட்டுக் கணக்குக்கு மாறலாம். கூட்டாகக் காட்டியோர் கெடு நாள் கடந்தபின் தனிக் கணக்குக்குத் திரும்ப முடியாது.